அக்கார்டினாவில் ஓர் இரைச்சல்

ஓய்வு பெற்ற பிறகும் நான் வேலை பார்த்த வாத்தியக் கடை என்னை விடவில்லை. கடைக்கு ஆண்டு விழாவாம். விளம்பரப் பிரிவு என்று இப்போது ஒன்று இருக்கிறது. பிரியா என்ற பெண்தான் அந்தப் பிரிவு. அவளைத் தவிர அதில் வேறு யாரும் கிடையாது. "ஸ்டெல்லா ஆன்ட்டி, உங்க ஜர்னி பத்திக் கொஞ்சம் ஷேர் பண்ணுங்களேன். இன்ஸ்பைரிங்கா இருக்கணும், ஆனா ஷார்ட்டா இருக்கணும் லா" என்று குரல் செய்தி அனுப்பினாள். என் பயணம் தினமும் சிங்கப்பூரின் வடக்கு ஓரத்து ஈசூனிலிருந்து லிட்டில் இந்தியா வரை ரயிலில் நின்றுகொண்டே போனதுதான். அதில் யாருக்கு ஊக்கம் பிறக்கும் என்று தெரியவில்லை.

செய்தியோடு ஒரு படமும் வந்தது. கல்யாண மண்டபத்தில் பட்டு வேட்டி கட்டிய ஒரு பெரியவர், கையில் வெள்ளி நிறத்தில் ஒரு கருவி, முகம் நிறையச் சிரிப்பு. "இவரோட இன்ஸ்ட்ருமென்ட் நீங்கதானே ரிப்பேர் பண்ணீங்க? எழுத டைம் இல்லைன்னா இதுக்கு ஒரு கேப்ஷன் மட்டும் குடுங்க, போதும்" என்றாள்.

படத்தில் இருப்பவர் திரு. குணரத்தினம். அந்தக் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். அதனால்தான் படத்தில் ஒரு முழுப் பொய் இருப்பது பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துவிட்டது. ஒரு வரியில் சொல்லி முடிக்கிற பொய் இல்லை அது. ஆகவே எழுதுகிறேன்.

வாயால் ஊதும் ரீட் கருவிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். ரீட் என்றால் காற்றுப் பட்டதும் துடிக்கிற ஒரு மெல்லிய உலோகத் தகடு. ஆர்மோனியத்திலும் அக்கார்டியனிலும் அதே தகடுதான், ஆனால் அவற்றுக்குக் காற்றுத் தருவது துருத்தி. மவுத் ஆர்கன், பள்ளிப் பிள்ளைகள் ஊதும் மெலோடிகா, மூங்கில் குழாய்களைக் கட்டி வைத்தாற்போன்ற சீனர்களின் ஷெங் எல்லாவற்றுக்கும் காற்று மனித வாயிலிருந்து வரவேண்டும். மனித வாய் வெறும் காற்றை மட்டும் அனுப்புவதில்லை. மெலோடிகாவைத் திறந்தால் உள்ளே மைலோ பானம் இருக்கும், மீ கோரெங் நூடுல்ஸின் எண்ணெய் இருக்கும், கறிபஃப் தூள் இருக்கும். பள்ளிக் கேன்டீன்களில் ஆரோக்கிய உணவு வந்த செய்தி பெற்றோருக்கு எட்டும் முன்பே எனக்கு எட்டிவிட்டது. ரீட்டுகளில் மிளகாய் எண்ணெய் குறைந்து கோதுமை ரொட்டித் தூள் வரத் தொடங்கியது.

நான் இந்தத் தொழிலுக்கு ஆசைப்பட்டு வரவில்லை. ஜூரோங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடிக்குக் கீழே கம்பி ஒட்டிக்கொண்டிருந்தேன். கம்பெனி பாலம் தாண்டி மலேசியாவின் ஜோகூருக்குக் குடி போனது. எங்களைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. எங்கள் மாதா கோயிலில் பாட்டுக் குழுவில் இருந்த ஒருவர், வாத்தியக் கடையில் கை நடுங்காத ஆள் தேடுகிறார்கள் என்றார். கடை முதலாளி திரு. லிம் என் கையில் ஓர் அரத்தையும் உடைந்த மவுத் ஆர்கனையும் கொடுத்துவிட்டுக் கீழே போய்விட்டார். முதல் வருடம் கெடுத்தேன். இரண்டாம் வருடம் முதல் வருடம் கெடுத்ததையெல்லாம் சரி செய்தேன். அதோடு என் பயிற்சி முடிந்தது.

லிம்மைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நல்ல மனிதர். அவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும், கேட்டு முடிப்பதற்குள் "கேன், கேன்" என்பார். முடியும் என்பதற்கு எங்கள் ஊரில் அதுதான் சொல். பேருந்து ஏறி நசுங்கிய மெலோடிகாவுக்கும் கேன்தான், மீன் தொட்டியில் விழுந்த ஷெங்குக்கும் கேன்தான். பிறகு மூச்சு வாங்க மாடிப்படி ஏறி என் மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "ஸ்டெல்லா, கேன் ஆர் நாட்?" என்று கேட்பார்.

அவருக்கு இன்னொரு கொள்கையும் உண்டு. கருவியில் குறை இருக்கலாம். ஊதுகிறவரிடம் குறை இருக்கவே கூடாது. ஒருமுறை ஓர் அம்மாளிடம், "உங்க பையன் ரொம்ப வேகமா ஊதறான், அதான் ரீட் உடையுது" என்று சொல்லிவிட்டேன். அன்று முழுவதும் லிம் என்னோடு பேசவில்லை. மறுநாள், "ஸ்டெல்லா, பையன் வேகமா ஊதல. ரீட் ரொம்ப மெதுவா இருந்துச்சு" என்று திருத்திச் சொன்னார்.

முகக்கவசக் காலம் வந்தது. கடைக்குள் யாரும் எதையும் ஊதக் கூடாது என்று பெரிய அறிவிப்பு ஒட்டினார்கள். ஊதும் கருவிகளை விற்கிற கடையில்! சோதித்துப் பார்க்க எனக்குக் காற்று மெத்தைக்கு அடிக்கிற கால் பம்ப் ஒன்று வாங்கித் தந்தார்கள். அதன் குழாயைக் கருவியின் வாயில் செருகி, காலால் மிதித்து, கையால் சுரம் பிடிப்பேன். பார்ப்பவர்களுக்கு நான் தையல் இயந்திரம் ஓட்டுவதுபோல இருக்கும். பிறகு ஊரெங்கும் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. பாடினார்கள், ஆடினார்கள், கல்யாணத்தில் நாதஸ்வரம் ஊதினார்கள். எங்கள் கடையில் மட்டும் ஊதவில்லை. அறிவிப்பை ஒட்டியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அதைக் கிழிக்கிற அதிகாரம் யாருக்கு என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் குணரத்தினம் வந்தார்.

யாழ்ப்பாண வழி வந்த குடும்பம், அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், பொங்கோலில் வீடு. வாழ்நாள் முழுவதும் அக்கார்டியன் வாசித்தவர். முதுகெலும்பில் ஏதோ நழுவி, அரிசிப் பைக்கு மேல் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவருடைய அக்கார்டியன் இரண்டு அரிசிப் பை கனம். அதனால் வெளிநாட்டிலிருந்து பழைய அக்கார்டினா ஒன்றை வரவழைத்திருந்தார். அக்கார்டியனின் துருத்தியைப் பிடுங்கிவிட்டு அந்த வேலையை மனித நுரையீரலிடம் கொடுத்தால் அதுதான் அக்கார்டினா. சின்ன உலோகப் பெட்டி, அக்கார்டியனில் உள்ள அதே பொத்தான்கள், ஓரத்தில் ஊதுவதற்கு ஒரு வாய். அப்படி ஒன்றை நான் அதுவரை படத்தில்கூடப் பார்த்ததில்லை. லிம் பெயரையே கேட்டதில்லை. "அக்கார்டினா? கேன், கேன்" என்றார்.

"தங்கச்சி, கீழ்ச் சுரமெல்லாம் இரையுது. வண்டு பூந்த மாதிரி ஒரு சத்தம்" என்றார் குணரத்தினம். வயதானவர்களில் பாதிப் பேரைப் போல அவர் இன்னும் முகக்கவசம் அணிந்திருந்தார். அதற்கு மேலே கண்கள் மட்டும் கவலையோடு என்னைப் பார்த்தன.

அவர் கவலைக்குக் காரணம் இருந்தது. மகளுக்குக் கல்யாணம். காலையில் கோயிலில் தாலி, இரவு விருந்து. விருந்து மண்டபத்துக்குள் மணமக்கள் நுழையும்போது ஒரு பாட்டு போடுவார்களே, அதற்கு மகள் வேறு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. சின்ன வயதில் அவளைத் தூங்க வைக்க அப்பா சொந்தமாகக் கட்டி அக்கார்டியனில் வாசித்த மெட்டு ஒன்று உண்டு. அதை அப்பாவே வாசிக்க வேண்டும், வாசித்தால்தான் உள்ளே வருவேன் என்றுவிட்டாள். அந்த மெட்டு முழுவதும் கீழ்ச் சுரங்களில்தான் நடக்கிறது. "கொஞ்சம் மேல ஏத்தி வாசிச்சா கேன் வாட்?" என்று லிம் யோசனை சொன்னார். "தாலாட்டு, மிஸ்டர் லிம். மேல ஏத்தினா பிள்ளை எழும்பிடும்" என்றார் குணரத்தினம்.

நான் திறந்தேன். மேல்தகட்டின் திருகுகளைக் கழற்றிய வரிசைப்படி காகிதத்தில் அடுக்கினேன். கீழ்ச் சுர ரீட்டுகள் ஒவ்வொன்றின் அடியிலும் மெல்லிய தாள் தகட்டை விட்டு இழுத்துப் பார்த்தேன், எங்கும் உரசவில்லை. பொத்தான்களுக்கு அடியில் உள்ள மூடிகளைப் பார்த்தேன், ஒழுங்காக உட்கார்ந்தன. கால் பம்பைச் செருகி மிதித்தேன். கோயில் மணிபோலச் சுத்தமான ஒலி. ஏதோ தூசி இருந்து விழுந்திருக்கும் என்று சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.

அடுத்த வாரம் திரும்பி வந்தார். இரைகிறது. மறுபடி திறந்தேன், திருகுகளை இறுக்கினேன், ஓரத்துச் சல்லடைத் தகட்டுக்கு அடியில் துணி வைத்தேன். பம்பில் சுத்தம். வீட்டில் இரைச்சல். இந்தத் தடவை தொலைபேசியில் பதிவு செய்து கொண்டுவந்து போட்டுக் காட்டினார். ஆமாம், கேட்டது. வண்டு இல்லை, ஒரு சின்ன மோட்டார் சைக்கிள். மூன்றாம் முறை கீழ் ரீட்டுகள் சிலவற்றையே மாற்றினேன். அதற்கும் வீட்டில் அதே சத்தம். எனக்கு உறக்கம் போயிற்று. கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. லிம் என்னைக் கேட்காமலேயே, "ஸ்டெல்லா வீட்டுக்கே வருவாங்க, கேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

பொங்கோலில் அவர் வீட்டுக் கதவு திறந்ததும் முதன்முறையாக முகக்கவசம் இல்லாத குணரத்தினத்தைப் பார்த்தேன். வாய் நிறையப் பல். பல் என்றால் சாதாரணப் பல் இல்லை, பற்பசை விளம்பரத்துப் பல். முகத்துக்கு எழுபது வயதென்றால் பல்லுக்கு இருபது வயது. வரவேற்பறையில் உட்கார்ந்து தாலாட்டை ஊதினார். இரைந்தது. துடைத்து வாங்கி அதே சுரங்களை நான் ஊதினேன். இரையவில்லை. மீண்டும் அவர். இரைந்தது. நான் தலையைச் சொறிந்தேன்.

அடுக்களையிலிருந்து தேத்தண்ணீர்த் தட்டோடு வந்த அவர் மனைவி பரமேஸ்வரி அக்கா, தட்டை வைத்துவிட்டுச் சொன்னார்: "உந்தப் பல்லு வந்த நாள் தொட்டுத்தான் இந்தச் சத்தம். நான் சொன்னா ஆர் கேக்கினம்?"

குணரத்தினம் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த கால்வாய்த் தண்ணீரைப் பார்த்தார். அவருக்கும் தெரிந்தேயிருந்தது.

மேல் பல் செட்டு கொஞ்சம் தளர்வு. கீழ்ச் சுரம் ஊதும்போது வாய்க்குள் காற்று அதிர, கூடவே செட்டும் ஈறில் மோதி அதிர்ந்திருக்கிறது. நான் மாற்றிய ரீட்டுகளெல்லாம் ஒரு பாவமும் அறியாதவை. "சார், பல் டாக்டர்கிட்ட காட்டினா கொஞ்சம் இறுக்கிக் குடுத்துடுவாரே" என்றேன்.

பல் டாக்டர் வேறு யாருமில்லை, சம்பந்தி. மாப்பிள்ளையின் தகப்பனார் டாக்டர் சிவநேசன், ஜூரோங்கில் பல் மருத்துவமனை வைத்திருக்கிறார். நிச்சயதார்த்தத்தன்று இரு வீட்டார் முன்னிலையில், கல்யாணப் படங்களில் அழகாக இருக்க வேண்டும் என்று தன் கையாலேயே செய்த பல் செட்டைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். எல்லாரும் கை தட்டியிருக்கிறார்கள். "புயல் அடிச்சாலும் அசையாது" என்று சிவநேசன் சொன்னாராம்.

"அந்த மனுசனிட்டப் போய், நீங்க தந்தது ஆடுதுன்னு எப்படிச் சொல்றது தங்கச்சி? நாளைக்கு என்ர பிள்ளை அங்கதானே வாழப் போகுது" என்றார் குணரத்தினம்.

எனக்குப் புரிந்தது. சம்பந்தியிடம் குறை சொல்வதைவிட அக்கார்டினாவின் எல்லா ரீட்டுகளையும் மாற்றுவது சுலபம். நம் ஆட்களின் கணக்கில் அதில் தவறே இல்லை.

கடைக்கு வந்து லிம்மிடம் சொன்னேன். "பல்லுன்னு சொல்லாத. ஜாப் ஷீட்ல வாய்ப்பக்கம் அட்ஜஸ்ட்மென்ட்னு எழுது" என்றார். பிறகு மருந்துக் கடைக்குப் போய்ப் பல் செட்டை ஒட்டும் பசை ஒன்று வாங்கி, கடையின் அன்பளிப்பு என்று நல்ல தாளில் சுற்றி அனுப்பிவைத்தார். தீர்வு கண்டுவிட்ட மகிழ்ச்சியில் எனக்கும் ஒரு கோப்பி வாங்கித் தந்தார்.

கல்யாண வாரம் குணரத்தினம் அக்கார்டினாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். இப்போது இரைச்சல் இல்லை. கீழ்ச் சுரங்களில் எந்தச் சத்தமுமே இல்லை.

திறந்தபோது எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பல்லைப் பிடிக்க வேண்டிய பசை எச்சிலில் கரைந்து, மூச்சோடு உள்ளே போய், ரீட்டுகளைப் பிடித்திருந்தது. என் அனுபவத்தில் மைலோ கழுவினால் போய்விடும், மிளகாய் எண்ணெய்கூடப் போய்விடும். இது போகவில்லை. ஈரம் பட்டால் இன்னும் இறுகுவதற்கென்றே செய்த பொருளாயிற்றே. தகடுகளை வெளியே எடுத்து, உலர்ந்த பசையை மரக்குச்சியால் கொஞ்சங்கொஞ்சமாகக் கிளப்பி, மெல்லிய தாள் தகட்டை ரீட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே விட்டு, ஓரத்தில் ஒட்டிய இழைகளை இழுத்தேன். அவசரப்பட்டு நிமிண்டினால் ரீட் வளையும். வளைந்தால் சுதி போகும். சுத்தம் செய்த பிறகு சுதி பார்க்க வேண்டும். அதற்குக் கால் பம்ப் உதவாது. பம்பின் காற்று குளிர்ச்சி, மனித மூச்சில் சூடும் ஈரமும் இருக்கிறது, இரண்டுக்கும் ரீட் ஒரே மாதிரி பதில் சொல்லாது. கதவைத் தாழிட்டேன். ஊதக் கூடாது என்ற அறிவிப்புக்குக் கீழேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஊதினேன். படியேறி வந்த லிம் கதவுக்கு வெளியே நின்று, "ஸ்டெல்லா, உள்ள பம்ப் சத்தம் நல்லா கேக்குது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அன்று அவரை எனக்கு மிகவும் பிடித்தது.

கருவியை வாங்க வந்த குணரத்தினத்திடம் லிம்முடைய கொள்கையை மீறினேன். "சார், இனிமே பசை போட்டா இதைக் காப்பாத்த முடியாது. ஒண்ணு பல்லு, இல்லன்னா பாட்டு. ரெண்டுக்கும் சேர்த்து லிம்மாலயே கேன் சொல்ல முடியாது."

"பல்லில்லாம அத்தனை மேசைக்கு முன்னால நிக்கச் சொல்றியா? படம் ஆயுசுக்கும் சுவர்ல தொங்கும்."

"வாசிக்காம நின்னா?"

அவர் கருவியை வாங்கிக்கொண்டு, எங்கள் இருவருக்கும் அழைப்பிதழ் கொடுத்துவிட்டுப் போனார்.

விருந்துக்கு லிம்மும் நானும் போனோம். சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டல் மண்டபம். விளக்குகள் மங்கின. கதவு திறந்தது. மணப்பெண் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை, அப்பாவைப் பார்த்தாள். மேடை ஓரத்தில் குணரத்தினம் ஒலிவாங்கி முன்னால் அக்கார்டினாவை வாயில் வைத்தார். பல் இருந்தது. பளபளத்தது. முதல் சுரத்தை ஊதினார்.

ஒலிபெருக்கி வழியாக மண்டபம் முழுக்க அந்த மோட்டார் சைக்கிள் ஓடியது. யாரோ ஒரு குழந்தை சிரித்தது. லிம் என் கையைப் பிடித்துக்கொண்டார். வாசலில் மணப்பெண்ணின் முகம் வாடியது. எனக்கு எழுந்து வெளியே போய்விடலாமா என்றிருந்தது.

குணரத்தினம் நிறுத்தினார். மகளைப் பார்த்தார். பிறகு திரும்பி நின்றுகூட மறைக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் வாயில் கை விட்டு மேல் செட்டைக் கழற்றினார். கழற்றிய பிறகு அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பட்டு வேட்டியில் பை கிடையாது. ஒரு கையில் அக்கார்டினா, மறு கையில் பல், விழித்துக்கொண்டு நின்றார்.

முன்வரிசை மேசையிலிருந்து டாக்டர் சிவநேசன் எழுந்தார். நேரே நடந்து போய்க் கையை நீட்டினார். குணரத்தினம் கொடுத்தார். சிவநேசன் அதைத் தன் கைக்குட்டையில் சுற்றி, கோட்டின் உள்பையில், நெஞ்சுப் பக்கம் வைத்துக்கொண்டு, அங்கேயே நின்றார்.

அதன் பிறகு வந்த தாலாட்டில் ஒரு குறையும் இல்லை. கீழ்ச் சுரங்கள் இருட்டில் மெல்ல நடந்து வந்தன, அவற்றோடு மகளும் நடந்து வந்தாள். நான் அழுதேன். என் வேலையைக் கேட்டு நான் அழுதது அந்த ஒருமுறைதான்.

சாப்பாட்டின்போது சிவநேசன் எங்கள் மேசைக்குப் பக்கத்தில் குணரத்தினத்தைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கோப்பி குடிக்கிற நேரத்துல இறுக்கிக் குடுத்திருப்பேனே சம்பந்தி!"

"அன்போட தந்ததை எப்படிக் குறை சொல்றது?" என்றார் குணரத்தினம், காற்றுப் போகிற குரலில். சிவநேசன் அவரைக் கட்டிப்பிடித்தார். அன்று இரவு எடுத்த எல்லாப் படங்களிலும் பெண்ணின் அப்பா பொக்கை வாயோடு சிரித்துக்கொண்டிருக்கிறார். பெரிய படம் ஒன்று பொங்கோல் வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. போன மாதமும் பார்த்தேன்.

அன்றைய படங்களில் ஒன்றை லிம் தன் தொலைபேசியில் எடுத்தார். அதுதான் பிரியாவிடம் போயிருக்கிறது. அவள் அனுப்பிய படத்தில் குணரத்தினத்துக்கு மேல் வரிசைப் பல் முழுசாக இருக்கிறது.

கூப்பிட்டேன். "பிரியா, இந்தப் பல்லு எங்கிருந்து வந்துச்சு?"

"அது எடிட் பண்ணது ஆன்ட்டி. அங்கிள் பல்லில்லாம இருந்தார், பார்க்க நல்லா இல்ல. ஆப்ல போட்டா அதுவே ஃபில் பண்ணிடும் லா. நேச்சுரலா இருக்குல்ல? கேப்ஷன்ல, 'எங்கள் பழுதுபார்ப்பில் குறையே இருக்காது'ன்னு போடலாமா?"

"அந்தக் கருவியில பழுதே இல்லம்மா, நாங்க குடுத்த பசையை நானே எடுத்தேன், அவ்வளவுதான். இந்தக் கதையில இதுவரைக்கும் யாராவது எதையாவது ரிப்பேர் பண்ணியிருந்தா, அது நீ இந்தப் படத்தைப் பண்ணதுதான்."

அவளுக்குப் புரியவில்லை. "அப்ப கேப்ஷன் என்ன ஆன்ட்டி?"

"எழுதித் தரேன். நீ முதல்ல அவர் பல்லைக் கழட்டு."